லோப் நூல்வரிசை: இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் ஆங்கிலம்

கிரேக்க எழுத்துகளையே பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகுதான் கற்றுக்கொண்டேன். அப்படி வந்த எனக்கு மூலத்தை நேராகப் படிக்கும் துணிச்சலைக் கொடுத்தது, பண்டைய கிரேக்க, லத்தீன் நூல்களைத் தரும் லோப் நூல்வரிசை. பச்சை அட்டை கிரேக்கம், சிவப்பு அட்டை லத்தீன். இடப்பக்கம் மூலம், எதிரே ஆங்கிலம். வங்கியாளர் ஜேம்ஸ் லோப் தன் பணத்தில் தொடங்கிய வரிசை இது. முதல் தொகுதிகள் 1912-இல் வந்தன. இன்று ஹார்வர்ட் பல்கலைக்கழக அச்சகம் வெளியிடும் இந்த வரிசையில் 500-க்கும் மேற்பட்ட தொகுதிகள் இருக்கின்றன.

எதிரிலேயே மொழிபெயர்ப்பு இருந்தால் மொழி வராது என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்கமாட்டேன். செனஃபோன் எழுதிய 'அனபாசிஸ்' என்ற கிரேக்கப் படையெடுப்பு வரலாற்றைப் படிக்கும்போது வலப்பக்கத்தை ஒரு தாளால் மூடிவிடுவேன். வினைமுற்று எது, அதன் எழுவாய் எது, எச்சங்கள் எதோடு சேர்கின்றன என்று பிரித்து, எனக்கென ஒரு பொருள் கொண்ட பிறகே தாளை விலக்குவேன். தவறினால் எந்த இடத்தில் தடம் மாறினேன் என்று அப்போதே தெரிந்துவிடும். அகராதி மட்டும் வைத்துப் படித்தால் இது கிடைக்காது.

கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் வேறு கதை. அவர் நூலில் வரும், ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளீஸின் இரங்கல் உரையில் வாக்கியங்கள் வளைந்து நெளிந்து போகும். எதிர்ப்பக்கம் பொருளைச் சொல்லும், அது எப்படி வந்தது என்று சொல்லாது. அடிக்குறிப்புகள் குறைவு, இலக்கண விளக்கத்துக்குத் தனி உரைநூல் கட்டாயம் வேண்டும். பாடபேதங்களும், அதாவது சுவடிக்குச் சுவடி மாறும் சொற்களின் குறிப்புகளும், கொஞ்சம்தான். ஆய்வுக் கட்டுரைக்கு மூலத்தை மட்டும் ஆய்வுக் குறிப்புகளோடு தரும் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பையோ டாய்ப்னர் பதிப்பையோ பாருங்கள்.

பழைய பிரதி வாங்குபவர்கள் மொழிபெயர்ப்பாளர் பெயரையும் ஆண்டையும் அவசியம் பார்க்க வேண்டும். லத்தீன் கவிஞர் மார்ஷியலின் கவிதைகளை 1919-இல் கெர் மொழிபெயர்த்த பதிப்பில், ஆபாசம் என்று கருதப்பட்ட கவிதைகளுக்கு எதிரே ஆங்கிலத்துக்குப் பதில் இத்தாலியம் இருக்கும்! கவிஞர் என்ன சொன்னார் என்பதை மாணவரிடமிருந்து மறைப்பது எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. 1993-இல் ஷாக்கிள்டன் பெய்லியின் புதிய பதிப்பு வந்து இந்தக் குறை தீர்ந்தது. கிரேக்க நகைச்சுவை நாடக ஆசிரியர் அரிஸ்டோஃபனீஸுக்கும் 1998 முதல் வெளிவந்த ஜெஃப்ரி ஹெண்டர்சன் பதிப்பையே தேடுங்கள். அவர் கொச்சையைக் கொச்சையாகவே விடுகிறார், நகைச்சுவையும் பிழைக்கிறது.

2014 முதல் இணையப் பதிப்பும் உண்டு. சந்தா கட்ட வேண்டும். உங்கள் பல்கலைக்கழக நூலகம் ஏற்கெனவே கட்டியிருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். ஒரு சொல்லை வரிசை முழுவதிலும் தேட அது அருமையானது. பாடத்துக்கு நான் அச்சுப் புத்தகத்தையே எடுப்பேன்: உள்ளங்கைக்கு அடங்கும் அளவு, தாளால் மூடவும் வசதி.

முதலில் ஒன்று வாங்குவதென்றால் ஹோமரின் காவியமான 'இலியட்' வாங்குங்கள். இரண்டு தொகுதிகள். மரேயின் மொழிபெயர்ப்பை வில்லியம் வயட் திருத்திய 1999 பதிப்புதானா என்று பார்த்து வாங்குங்கள்.