பரணிலிருந்து இறங்கிய கடல்நீர்த் தொட்டி: எது பிழைத்தது, எது குப்பைக்குப் போனது

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன். பத்து வருடத்துக்கு மேல் சும்மா கிடந்த கடல்நீர்த் தொட்டிச் சாமான்களில் கண்ணாடியும் கெட்டி பிளாஸ்டிக்கும் பிழைத்துக்கொண்டன. ஒயர் உள்ளவற்றில் பெரும்பாலானவை போய்விட்டன. நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து உள்ளே வைத்தவை வயதானாலும் எழுந்து நின்றன. உப்புப் பூத்தபடி உள்ளே போனவைதான் எழவில்லை.

2012 மின்வெட்டில் மூடிய தொட்டி இது. நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாத சேலத்தில், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரும் பம்பும் ஓடாமல் கடல்மீன் வளர்ப்பது நடக்கிற காரியமில்லை. மீன்களைக் கொடுத்துவிட்டுச் சாமான்களை மொட்டைமாடி அறைப் பரணில் ஏற்றினேன். திரும்ப இறக்கி ஓட்டத் தொடங்கி இப்போது இரண்டு வருடத்தைத் தாண்டிவிட்டது. அதனால் 'ஆன் பண்ணினேன், ஓடியது' என்பதற்கு மேலேயே சொல்ல விஷயம் இருக்கிறது.

தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். நிரப்பினால் 250 லிட்டர், அதாவது கால் டன். வீட்டுக்குள் வைத்துச் சோதிக்கிற எடை இல்லை. போர்டிகோவில் சமதளம் பார்த்து, அடியில் தெர்மோகோல் போட்டு, போர் தண்ணீரை நிரப்பி ஒரு வாரம் விட்டுவைத்தேன். சொட்டு ஒழுகவில்லை. ஆனால் ஒரு மூலையில் உள்பக்க சிலிக்கான் உரிந்து தூக்கிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் மட்டும் புது சிலிக்கான் தடவினால் போதும் என்று பலரும் சொல்வார்கள். உலர்ந்த பழைய சிலிக்கான் மேல் புதியது ஒட்டாது. அதனால் உள்பக்க ஓரம் முழுவதையும் பிளேடால் சுரண்டி எடுத்து, அசிட்டோனால் துடைத்து, பூஞ்சைத் தடுப்பு மருந்து சேர்க்காத சிலிக்கானைப் புதிதாக இழுத்தேன். கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருக்கும் ஒட்டுதான் தொட்டியைத் தாங்குகிறது, அதைத் தொடவே கூடாது. இன்றுவரை ஒழுகல் இல்லை.

தண்ணீரில் உள்ள கழிவை நுரையாக்கிப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர்தான் எனக்கு முழுத் திருப்தி தந்த சாமான். உள்ளே சுண்ணாம்பு படிந்து காற்றுக் குழாய் அடைத்திருந்தது. மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை, அதாவது சிட்ரிக் ஆசிட்டை, வெந்நீரில் கரைத்து ஊறப்போட்டேன். மறுநாள் பம்பின் இம்பெல்லர், அதாவது உள்விசிறி, விரலால் சுற்றும்போதே இழுவையில்லாமல் சுழன்றது. ஓ-ரிங்குகள் மட்டும் கல்லாகியிருந்தன. அவற்றை மீன் கடையில் தேடவில்லை, விவசாய பம்புசெட் ஸ்பேர் கடையில் அளவு கொடுத்து வாங்கினேன். கழுவிய ஸ்கிம்மர் முதல் சில நாள் கண்டபடி நுரைத்து வழியும். உள்சுவரில் வழவழப்பு ஏறியதும் தானாக அடங்கிவிடும், அதற்குள் திருகித் திருகிப் பார்க்க வேண்டாம்.

சில்லர் கதை வேறு. சேலத்து மே மாதத்தில் வெளியே 40 டிகிரியை ஒட்டிப் போகும்போது தொட்டித் தண்ணீரை 26-27 டிகிரியில் நிறுத்த வேண்டும். தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும், மீனுக்கோ மூச்சுத் தேவை கூடும். பழைய சில்லரில் கரண்ட் கொடுத்ததும் கம்ப்ரசர் ஓடியது, தண்ணீர் மட்டும் குளிரவில்லை. ஏ.சி. மெக்கானிக் மூடியைக் கழற்றியதும் கண்டென்சர் முழுக்கத் தூசி, நடுவில் பல்லி முட்டை. "ஏங்க சார், இத்தனை வருசமா இதுதாங்க இங்க குடியிருக்குது" என்றார். கேஸ் எங்கோ கசிந்து போயிருந்தது. ஒட்டுப்போட்டு, கேஸ் ஏற்றி, ஒரு கோடையை ஓட்டினோம். அடுத்த கோடையில் மறுபடி கசிவு. திரும்பவும் செலவழிக்க மனம் வராமல் புதிது வாங்கிவிட்டேன். பழைய சில்லரை விலைக்குக் கேட்டு யாராவது வந்தால், ஒரு மணி நேரம் ஓடவிட்டுத் தண்ணீரின் சூடு இறங்குகிறதா என்று தெர்மாமீட்டரில் பார்க்கச் சொல்வேன். ஓடும் சத்தத்தை நம்ப முடியாது. புதியது வரும்வரை மேலே இரண்டு ஃபேன் வைத்துச் சமாளித்தேன். இரண்டு மூன்று டிகிரி குறைந்தது. ஆனால் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தங்கிவிடும். தினமும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றி ஈடுகட்ட வேண்டியிருந்தது.

ஹீட்டரைச் சோதிக்கவே இல்லை, நேராகக் குப்பை. ரப்பர் அடைப்பு காய்ந்த கண்ணாடிக் குழாயைக் கடல்நீரில் முக்கி மின்சாரம் கொடுப்பது தேவையில்லாத வீரம். நண்பர் கொடுத்திருந்த, தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் பவர்ஹெட் உப்போடு வந்தது. உள்ளே காந்தத்தின் மேலுறை வெடித்துத் துரு வழிந்தது, அதுவும் வெளியே. தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பி ஏற்றும் ரிட்டர்ன் பம்பின் ஒயரை எலி கடித்திருந்தது. இதற்கெல்லாம் முன்பே மின்கசிவு வந்தால் கரண்டை வெட்டும் 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. ஒன்றைத் தனியாகப் போட்டுவிடுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை.

மருந்து விஷயம் முக்கியம். வெண்புள்ளி நோய்க்குச் செம்பு மருந்து போட்ட தொட்டியின் மணலும் கல்லும் செம்பைப் பிடித்துவைத்து, பிற்பாடு மெதுவாக விடும். மீனுக்கு ஒன்றும் ஆகாத அளவிலேயே இறால், நத்தை செத்துவிடும். என்னிடம் இருந்த சின்ன சிகிச்சைத் தொட்டி இன்றும் சிகிச்சைக்கு மட்டும்தான். அதன் மணலைக் கொட்டிவிட்டேன். அடுத்தவரிடம் பழைய செட் வாங்குகிறவர்கள் விலைக்கு முன்னால் இதைக் கேட்க வேண்டும்.

கேட்க வேண்டிய இன்னொன்று, உள்ளே பவளம் இருக்கிறதா என்பது. 2001 முதல் பவளப் பாறை வகைகளும் கடல்குதிரையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. காய்ந்துபோன பவளத்துண்டு என்றாலும் வேண்டவே வேண்டாம். நான் பீங்கான் கட்டிகளை வைத்து, மீனுக்கு விஷமான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகும்வரை காத்திருந்துதான் மீன் விட்டேன். பழைய தொட்டி என்பதால் அவற்றைச் சிதைக்கும் பாக்டீரியா மிச்சமிருக்கும் என்று நினைக்க வேண்டாம், காய்ந்ததும் எல்லாம் போயிற்று. மீன்களும் பண்ணையில் பொரித்த கோமாளி மீன்கள்தான். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இவற்றைக் குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை வகுத்த பிறகு, கடலில் பிடித்ததை வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

பாதி வாளி உப்பு கட்டியாகியிருந்தது. ஈரம் ஏறிய கலவையில் கால்சியம் சுண்ணாம்பாகிப் பிரிந்துவிடும், கரைத்தால் அடியில் வெள்ளையாகத் தங்கும், காரத்தன்மையும் குறைவாகவே காட்டும். அதைத் தூக்கிப் போட்டேன். காலாவதியான டெஸ்ட் கிட்டுகளும் அதோடு போயின. உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் மட்டும் 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) கரைசலில் சரிபார்த்ததும் சரியாகவே காட்டியது. ஆர்.ஓ. குழாயும் உறையும் பழசே போதும், வடிகட்டும் மெம்பிரேன் காய்ந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும். மேக்னசைட் தாது வெட்டும் ஊரில் போர் தண்ணீர் எவ்வளவு கடினமாக இருக்கும் என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டுமா?

எல்லாம் புதிதாக வாங்கியிருந்தால் ஆகும் செலவில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சமானது. அதில் பெரும்பங்கு தொட்டியும் ஸ்கிம்மரும்தான். ஏற்காட்டில் இருக்கும் நண்பர் ஒருவர் இப்போது இதே வேலையில் இறங்கியிருக்கிறார். 1500 மீட்டர் உயரத்தில் அவருக்குச் சில்லர் பெரும்பாலும் தேவைப்படாது. மார்கழிக் குளிருக்கு ஹீட்டர் வேண்டும், அதைப் புதிதாகவே வாங்கச் சொல்லியிருக்கிறேன். என் பழைய டி5 விளக்குச் சட்டத்தைக் கேட்டார். சோக் மாற்றினால்தான் எரியும், டியூபும் பழசு என்று சொல்லித்தான் கொடுத்தேன்.