ஈரமாக நிற்கும் நேரம்தான் மினுமினுப்பு: ஐந்து வருட க்ளியர் கோட் அனுபவம்

ஐந்து வருடமாக என் பிளாஸ்டிக் விமான, கார் மாடல்களுக்கு, காற்றழுத்தத்தில் வண்ணம் தூவும் ஏர்பிரஷில்தான் கிளாஸ் க்ளியர், அதாவது வண்ணத்தின் மேல் பூசும் பளபளப்பான நிறமற்ற பூச்சு, அடிக்கிறேன். விமானங்களுக்குத் தாமியா எக்ஸ்-22, கார்களுக்கு மிஸ்டர் கலர் ஜிஎக்ஸ்100. இரண்டிலும் கலப்பது மிஸ்டர் கலர் லெவலிங் தின்னர்தான். க்ளியரை மாற்றச் சொன்னால்கூட மாற்றிவிடுவேன், இந்தத் தின்னரை விடமாட்டேன்.

கெட்டியாக அடித்தால்தான் பளபளக்கும் என்று முதலில் நம்பினேன். முதல் 1/24 அளவு காரின் கதவெல்லாம் ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடுபள்ளம். துளிகள் வழியிலேயே பாதி காய்ந்துவிட்டால், விழுந்த இடத்தில் அப்படியே மேடாக நின்றுவிடும். அவை ஒன்றோடொன்று சேர்ந்து மட்டமாக நேரம் வேண்டும். லெவலிங் தின்னரில் காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் இருப்பதால் அந்த நேரம் கிடைக்கிறது.

இப்போது ஒரு பங்கு எக்ஸ்-22க்கு ஒன்றரைப் பங்கு தின்னர், 0.3 மி.மீ. ஊசி, 15 முதல் 18 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம். முதலில் இரண்டு தடவை பனி படிந்த மாதிரி லேசாகத் தூவிவிட்டு, நடுவில் பத்து நிமிடம் விடுகிறேன். டெக்கல், அதாவது மாடலில் ஒட்டும் மெல்லிய சின்னப் படலம், அதன் மேல் அடிக்கிறீர்கள் என்றால் இதைத் தவிர்க்கவே கூடாது. எடுத்த எடுப்பில் ஈரமாக அடித்து, ஓர் இறக்கைச் சின்னம் கண்ணெதிரே சுருங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம்தான் ஈரக் கோட். மேஜை விளக்கை எதிர்ப்பக்கம் வைத்து, மாடலில் தெரியும் அதன் பிம்பத்தை மட்டும் பாருங்கள். முதலில் பிம்பம் மணல் தூவினாற்போல் கலங்கலாக இருக்கும். ஈரம் ஏற ஏற மணல் கரைந்து, ஒரு கட்டத்தில் விளக்கின் விளிம்பு கோடு போட்டாற்போல் தெளியும். அந்த நொடியே கையை நகர்த்திவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று நின்றால் கீழ்விளிம்பில் சொட்டாகத் திரண்டுவிடும். இதை விளக்கி எழுதலாமே தவிர, பழைய பிளாஸ்டிக் ஸ்பூன்களில் அடித்துப் பார்த்துத்தான் கை பழகும்.

காற்றில் ஈரப்பதம் அதிகமுள்ள நாளில் ஜிஎக்ஸ்100 போன்ற லாக்கர் க்ளியரைத் தொடுவதில்லை, வெண்புகை படர்ந்தாற்போல் மங்கிவிடும். ஆர்கானிக் வேப்பர் ஃபில்டர் போட்ட மாஸ்க் இல்லாமல் எந்த நாளிலும் அடிப்பதில்லை. சாதாரணத் தூசி மாஸ்க் இந்த ஆவியைத் தடுக்காது.

பாலிஷ் போடுவதாக இருந்தால் ஜிஎக்ஸ்100தான் என் தேர்வு. நன்கு இறுகும், 2000 கிரிட் உப்புத்தாளில் ஈரமாகத் தேய்த்து பாலிஷ் காம்பவுண்டு போட்டால் கண்ணாடி மாதிரி வரும். ஆனால் பேனட் ஓரம், கதவுக் கோடு போன்ற விளிம்புகளில் க்ளியர் மெல்லியதாகவே நிற்கும். அங்கே தேய்க்காதீர்கள், அடிவண்ணம் வெளியே வந்துவிடும்.

எக்ஸ்-22 இறுகத் தாமதமாகும். தொட்டால் ஒட்டவில்லையே என்று மறுநாளே எடுத்துப் பிடித்த விமானத்தின் வயிற்றில் என் கட்டைவிரல் ரேகை இன்றும் இருக்கிறது. இப்போது மாடல் மேல் ஒரு டப்பாவைக் கவிழ்த்து மூடிவிட்டு, ஒரு வாரம் கழித்து மூக்கருகே கொண்டுபோய்ப் பார்க்கிறேன். தின்னர் வாசம் லேசாக வந்தாலும் திரும்ப மூடிவைத்துவிடுகிறேன்.