மூடிய நர்சரியா, பள்ளிக்குள் ஒரு பிரிவா, வீட்டிலேயே பாடமா?

இங்கிலாந்தில் உடல்நலக் குறைவால் பள்ளிக்குப் போக முடியாத பிள்ளைக்குத் தகுந்த படிப்பை ஏற்பாடு செய்வது கவுன்சிலின் (உள்ளாட்சி அமைப்பின்) கடமை. 1996 கல்விச் சட்டத்தின் 19ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. விடுப்பு 15 நாளைத் தொடும் என்று தெரிந்தால் கவுன்சில் இறங்கியாக வேண்டும் என்பது அரசு வழிகாட்டல். அந்த 15 நாள் தொடர்ச்சியாகவும் இருக்கலாம், விட்டுவிட்டும் வரலாம். இந்தப் பிள்ளைகளுக்கான இடத்துக்கு மூன்று வழி: மூடிய நர்சரியைப் பாடமையமாக மாற்றுவது, உயர்நிலைப் பள்ளிக்குள் ஒரு பிரிவு, வீட்டுப் பாடம். கையில் மூடிய நர்சரி ஒன்று இருக்கும் கவுன்சிலுக்கு உடனே அதன் மேல்தான் கண் போகும். போகட்டும், தப்பில்லை. ஆனால் அது யாருக்குப் பொருந்தும் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். ஆரம்பப் பள்ளி வயதினருக்கும், பதற்றத்தால் பெரிய பள்ளியின் வாசலையே மிதிக்க முடியாதவர்களுக்கும் நர்சரிதான் எங்கள் தேர்வு. ஜிசிஎஸ்இ (பதினாறு வயதுப் பொதுத்தேர்வு) எழுதப் போகிறவர்களுக்கு அது மட்டும் போதாது.

நர்சரியின் பலம் வெளிப்படை: பெரும்பாலும் தரைத்தளம் மட்டும், அறையிலிருந்து நேரே தோட்டம், சின்ன வாசல், மணிச்சத்தம் இல்லை. இடக்கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நர்சரி விதிப்படி தலைக்கு 2.3 சதுர மீட்டர். 120 சதுர மீட்டரில் 52 பேர் இருந்திருப்பார்கள். அதே இடத்தில் ஆறேழு பேர் கொண்ட இரண்டு வகுப்பு, ஒரு மருத்துவ அறை, தனியாகப் பேச ஓர் அறை, அவ்வளவுதான் அடங்கும். 52 என்ற எண்ணை வைத்துக்கொண்டு "முப்பது பேரைச் சேர்க்கலாம்" என்று எழுதும் அறிக்கையை நம்பக் கூடாது.

செலவு முதலில் கழிப்பறையில் விழும். எட்டு வயதானதும் ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனி கழிப்பறை வேண்டும். இல்லையென்றால் ஒருவர் மட்டும் உள்ளே போய்த் தாழிட்டுக்கொள்ளும் அறையாக இருக்க வேண்டும். நர்சரியில் இருப்பதோ இடுப்பளவுத் தடுப்பும் குட்டிப் பீங்கானும். அத்தனையையும் பிடுங்க வேண்டும். சக்கர நாற்காலிக்கான கழிப்பறைக்கு 1.5 மீட்டருக்கு 2.2 மீட்டர், தூக்கு இயந்திரமும் உடை மாற்றும் மேசையும் வைக்க 12 சதுர மீட்டர் வரை. கழிவுக்குழாய் ஒரே மூலையில்தான் இருக்கும், அதை நகர்த்தத் தரையை உடைக்க வேண்டும். தரைக்கு அடியில் சூடேற்றும் குழாய் ஓடினால் உடைப்பவர் அதையும் சேர்த்து அறுத்துவிடுவார். குழாய் ஓடும் வரைபடத்தைக் கையில் வாங்காமல் கடப்பாறையைத் தொடவிடாதீர்கள்.

அடுத்தது தடுப்புச்சுவர். ஒரே கூடத்தை இரண்டாகப் பிரிக்கும்போது சுவரைப் பொய்க்கூரையோடு நிறுத்திவிட்டால் பக்கத்து அறைப் பேச்சு மேல்வழியாக அப்படியே வரும். சுவர் நிஜக் கூரையைத் தொட வேண்டும். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் ஓர் அறையில் மாட்டிக்கொள்ள, மற்றது குளிரில் விறைக்கும். தீ உணர்கருவி இரண்டு அறைக்கும் தனித்தனி. பூட்டிக் கிடந்த கட்டடமென்றால் குழாயில் தேங்கிய நீரில் லெஜியோனெல்லா கிருமி வளர்ந்திருக்கலாம். கீமோதெரபி முடித்த பிள்ளைக்கு இது விளையாட்டல்ல. வெந்நீர்த் தொட்டி 60 டிகிரியில் இருக்க வேண்டும், குளிர்நீர்க் குழாய் 20க்குக் கீழே. வெந்நீர் கையைச் சுடாதபடி கலப்பு வால்வு குழாயருகிலேயே இருக்கட்டும். திறப்பதற்கு முன் முழுதும் ஓடவிட்டுப் பரிசோதிக்க வேண்டும். மருத்துவ அறைக்குள் கைகழுவும் தொட்டி, பக்கத்தில் கழிப்பறை, 2 முதல் 8 டிகிரி வரை நிற்கும் மருந்துக் குளிர்பெட்டி. ஒவ்வாமைக்கான அட்ரினலின் ஊசியை மட்டும் பூட்டி வைக்கக் கூடாது.

இதனோடு ஒப்பிட்டால் உயர்நிலைப் பள்ளிக்குள் ஒரு பிரிவு மலிவு. ஆய்வகம், பாட ஆசிரியர்கள், தேர்வு மையத்துக்கான பாதுகாப்பு அறை எல்லாம் அங்கே ஏற்கனவே இருக்கின்றன. தேர்வில் ஒரு நாற்காலியின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்குக் குறைந்தது 1.25 மீட்டர் விட வேண்டும். நர்சரி அறையில் அப்படிப் போட்டால் எத்தனை பேர் உட்காருவார்கள் என்று அளந்து பாருங்கள். ஆனால் ஆயிரம் பிள்ளைகள் நடமாடும் இடத்தில் சின்னம்மையோ தட்டம்மையோ வராமல் இருக்காது, எதிர்ப்பு சக்தி குறைந்த பிள்ளையை அங்கே உட்காரவைக்க மருத்துவர் சம்மதிப்பது கடினம். தனி வாசல் இல்லையென்றால் பதற்றமுள்ளவர்கள் முதல் வாரத்திலேயே நின்றுவிடுவார்கள். இன்னொன்று: பள்ளியில் சேர்க்கை கூடினால் முதலில் பறிபோகும் அறை இதுதான்.

வீட்டுப் பாடத்துக்குக் கட்டடமே வேண்டாம், ஒரு வாரத்தில் தொடங்கலாம். இரத்த வெள்ளையணு விழுந்திருக்கும் வாரங்களுக்கு இதுவே சரி. ஒருவருக்கு ஒருவர் என்பதால் மணிநேரம் குறைவாக இருந்தாலும் வழிகாட்டல் ஏற்கிறது. மாதக்கணக்கில் நீண்டால் நட்பும் போய்விடும், செய்முறை அறிவியலும் போய்விடும்.

நர்சரியைத் தேர்ந்தால் காகிதத்தில் மூன்று கண்ணி. ஷ்யூர் ஸ்டார்ட் என்ற சிறுகுழந்தைகளுக்கான அரசுத் திட்டத்தின் மூலதனப் பணத்தில் கட்டியதாக இருந்தால், சிறுகுழந்தைப் பயன்பாட்டை நிறுத்தும்போது அரசு பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கட்டடங்களைப் பயன்பாட்டின்படி பிரிக்கும் திட்டமிடல் விதியில் பகல்நேர நர்சரி ஈ வகுப்பு, பள்ளி எஃப்1; வகுப்பு மாறினால் அனுமதி தேவைப்படலாம். கவுன்சில் நடத்திய நர்சரிப் பள்ளி என்றால் முன்பே எஃப்1 ஆக இருந்திருக்கலாம். நடத்துபவர் யார் என்பதும் முக்கியம்: ஏற்கனவே இயங்கும் பிஆர்யூவின் (வழக்கமான பள்ளியில் படிக்க முடியாதவர்களுக்குக் கவுன்சில் நடத்தும் பள்ளியின்) கிளையாக வைத்தால் சிக்கல் குறைவு. தனியார் அமைப்பு முழுநேரமாக ஐந்து பேருக்குக் கற்பித்தாலோ, சிறப்புத் தேவைத் திட்டம் உள்ள ஒரே ஒருவருக்குக் கற்பித்தாலோகூட, தனிப்பள்ளியாகப் பதிவு செய்தாக வேண்டும்.

பதினான்கு, பதினைந்து வயதுக்காரர்களுக்கு நாங்கள் சொல்வது கலவை: காலையில் நர்சரி, வாரம் இரண்டு மதியம் பக்கத்துப் பள்ளியின் ஆய்வகம், தேர்வு அவரவர் சொந்தப் பள்ளியின் பெயரில். அந்த மதியங்களுக்கான டாக்சிச் செலவை முதல் வரைவிலேயே எழுதுங்கள். காலையில் பத்து டாக்சி ஒரே நேரத்தில் வந்து நிற்கும் தெருவில் திரும்ப இடம் இருக்கிறதா என்பதையும் ஒன்பது மணிக்கு நேரில் போய்ப் பாருங்கள்.