ஆறு வயரா, இரண்டு வயரா: மோட்டர் கொட்டிலில் ஒரு டிஸ்ப்ளே

கிளிநொச்சியில் சித்தப்பாவின் தோட்டக் கிணற்றடி மோட்டர் கொட்டிலில் ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினி ஒன்று வைத்திருக்கிறோம். கிணற்றில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று காட்டுவதற்கு, வரிக்கு 16 எழுத்தாக இரண்டு வரி காட்டும் எச்டி44780 வகை டிஸ்ப்ளே வாங்கினேன். அதை நேராக ஆறு சிக்னல் வயரில் பூட்டலாம். அல்லது பின்னால் பிசிஎஃப்8574 சிப் உள்ள குட்டிப் பலகையை ஒட்டி, ஐ2சி என்ற தொடர்பு முறை வழியாக இரண்டே சிக்னல் வயரில் பூட்டலாம். இரண்டையும் செய்து பார்த்தேன்.

பார்த்தவுடன் ஐ2சி-தான் பிடிக்கும். வயர் குறைவு, பின்கள் மிச்சம். ஆனால் வோல்டேஜ் கணக்கில் ஆறு வயர்தான் சுத்தம். பையின் பின்கள் 3.3 வோல்ட், டிஸ்ப்ளே 5 வோல்ட்டில் ஓடினாலும் 2.2 வோல்ட்டுக்கு மேல் வந்தால் '1' என்று எடுத்துக்கொள்ளும். டிஸ்ப்ளே 5 வோல்ட்டைத் திருப்பி அனுப்பாதபடி படிப்பதா எழுதுவதா என்று சொல்லும் ஆர்டபிள்யூ பின்னை மட்டும் மறக்காமல் கிரவுண்டில் கட்டிவிட வேண்டும்.

குட்டிப் பலகையில் கதை வேறு. அதன் புல்-அப் ரெசிஸ்டர்கள் ஐ2சி வயர்களை 5 வோல்ட்டுக்கு இழுக்கும்; அது பைக்கு ஆகாது. சரி, கழற்றிவிடலாம் என்றால், 5 வோல்ட்டில் ஓடும் அந்தச் சிப்புக்கு '1' என்று தெரிய 3.5 வோல்ட் வேண்டும், பை தருவது 3.3. பலருக்கு அப்படியே வேலை செய்கிறது, ஆனால் கொட்டிலில் வைத்துவிட்டுப் போகும் சாமானுக்கு அதை நம்ப எனக்கு மனமில்லை. நடுவில் 3.3 வோல்ட்டையும் 5 வோல்ட்டையும் பொருத்தித் தரும் ஒரு லெவல் கன்வேர்ட்டர் போட்டேன். பை அந்தச் சிப்பைக் கூப்பிடும் ஐ2சி முகவரி பெரும்பாலும் பதினாறடிமானத்தில் 27. சிப் 8574ஏ என்றால் 3எஃப்.

மென்பொருளில் சண்டை இல்லை, லினக்ஸ் கர்னலில் இரண்டு வழிக்கும் டிரைவர் இருக்கிறது. திரையில் ஒரு வரி முழுக்கக் கட்டம் கட்டமாக நின்றால், கறண்ட் வருகிறது, தொடக்கக் கட்டளை போகவில்லை என்று அர்த்தம்.

மோட்டர் ஸ்டார்ட் ஆகும்போது வயர்களில் ஏறும் மின் இரைச்சலில்தான் வித்தியாசம் தெரிந்தது. டிஸ்ப்ளே பெட்டியின் கதவில், பை அடியில். நடுவே ஆறு வயரும் ஒன்றரை அடி. 'இப்போது எடு' என்று டிஸ்ப்ளேக்குச் சொல்லும் 'ஈ' வயரில் ஒரு பொய்த்துடிப்பு வந்தாலே, ஒவ்வோர் எழுத்தையும் நான்கு நான்கு பிட்டாக இரண்டு தடவையில் அனுப்பும் கணக்கு ஒரு படி நழுவி, அதன்பிறகு வருவதெல்லாம் குப்பை எழுத்து. குட்டிப் பலகையில் அந்த 'ஈ' இணைப்பு ஒரு விரலளவுகூட இல்லை. ஐ2சி-யில் பிழை வந்தாலும் சிப் பதில் தராதபோது தெரிந்துவிடும், திரும்ப அனுப்பலாம். டிஸ்ப்ளே பைக்குப் பக்கத்திலேயே இருந்தால் ஆறு வயரே போதும். கதவில் என்றால் ஐ2சி, கன்வேர்ட்டரோடு.

"தமிழில வராதோ தம்பி?" என்றார் சித்தப்பா. இந்த டிஸ்ப்ளேயில் தமிழ் எழுத்து இல்லை; சொந்தமாக எழுத்து வரைய எட்டே எட்டு இடம், ஒவ்வொன்றும் ஐந்துக்கு எட்டுப் புள்ளி. ட, ப அடங்கும், ஆ அடங்கவில்லை. இப்போது எண் மட்டும் தெரிகிறது. அவருக்கு அதுவே காணும்.