வாஷிங்டனில் கை விரித்து நிற்கும் பெண்

யாழ்ப்பாணத்திலிருந்து அக்காவைப் பார்க்க வாஷிங்டன் போனபோது பார்த்த சிலை இது. அமெரிக்க விடுதலைப் போரில் பங்கெடுத்தவர்களின் வழிவந்த பெண்களுக்காக 1890இல் 'அமெரிக்கப் புரட்சியின் மகள்கள்' சங்கத்தைத் தொடங்கிய மேரி டெஷா, எலன் வால்வர்த், யூஜினியா வாஷிங்டன், மேரி லாக்வுட் நால்வருக்குமான நினைவுச் சிலை, ஆனால் நாலு முகங்களைத் தேடாதீர்கள், கைகளை விரித்து நிற்கும் ஒரே ஒரு பெண்தான். வடித்ததும் ஒரு பெண், கெர்ட்ரூட் விட்னி. 1929இல் திறந்தார்கள். நல்ல வடிவு! சேலை மடிப்புப் போல விழும் அந்த உடையையே கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன், எங்கள் நூலக வாசல் சரஸ்வதிதான் ஞாபகத்துக்கு வந்தா. அப்புறம் பக்கத்திலேயே சங்கத்தின் மண்டபம். பாடகி மரியன் ஆண்டர்சனை, கறுப்பினத்தவர் என்று 1939இல் பாட விடாத மண்டபம் அதுதானாம், அக்கா சொன்ன பிறகு அந்த விரித்த கைகள் கொஞ்சம் இடித்தன. டிக்கெட் ஒன்றும் இல்லை. 4/5, குறைந்த ஒன்று மண்டபத்துக்கு.