கொழும்பு வெள்ளவத்தைப் பக்கம் ஜிம்முக்கு காசு கட்டப்போற ஆக்கள் ஒருக்கா வாசிச்சிட்டுப் போங்கோ

45,000 ரூபா போச்சு. இப்பதான் அங்க இருந்து வந்தனான், கோவம் அடங்கேல்லை. காலி வீதிப் பக்கம், ஏசியும் கண்ணாடியுமா பளபளக்கிற புது டைப் ஜிம் ஒண்டு, பேர் போடேல்லை. மூண்டு மாச பெர்சனல் ட்ரெய்னிங் பெக்கேஜ் எண்டு முழுக் காசையும் முன்னுக்கே வாங்கிட்டாங்கள். எப்பிடி ஏமாத்துறாங்கள், பார்பெல் கேர்ல் (நீளப் பாரைப் பிடிச்சு முழங்கையை மடக்கித் தூக்கிற பைசெப்ஸ் பயிற்சி) ஒழுங்கா எப்பிடி அடிக்கிறது, ரெண்டையும் எழுதுறன்.

ட்ரயலுக்குப் போன அண்டைக்கு ஒரு ட்ரெய்னர் நிண்டவர், நாப்பது வயசிருக்கும். நான் கேர்ல் அடிக்கிறதைப் பாத்திட்டு வந்து, ஒண்டும் கதைக்காம ரெண்டு பக்கப் பிளேட்டையும் கழட்டிட்டார். வெறும் ஒலிம்பிக் பார், அதுவே 20 கிலோ. "தம்பி, இப்ப தூக்குங்கோ பாப்பம்" எண்டு சொல்லி என்ர முழங்கைக்குப் பின்னால ரெண்டு விரலை வைச்சார், இந்த விரலை விட்டு முழங்கை முன்னுக்குப் போகக்கூடாது, உள்ளங்கை மேல பாக்கத் தோள் அகலத்துக்குப் பிடியுங்கோ, மணிக்கட்டு மடங்கக்கூடாது, வயித்தை இறுக்குங்கோ, இடுப்பை ஆட்டவே கூடாது, இறக்கேக்க மூண்டு எண்ணி இறக்குங்கோ எண்டு பொறுமையாச் சொல்லித் தந்தார். எட்டாவது தரம் தூக்கேக்க பைசெப்ஸ் எரிஞ்சுது பாருங்கோ, வெறும் பார்ல! இப்பிடி நுணுக்கமாத் தெரிஞ்ச மனுசன், அவரே மூண்டு மாசமும் பாப்பார் எண்டு மனேஜர் தன்ர வாயால சொன்னவர். அந்த இடத்திலயே 45,000 ரூபாவையும் காசா எண்ணிக் குடுத்தன். ரிசீட்டில மெம்பர்ஷிப் எண்டு மட்டும் எழுதி சீல் குத்தித் தந்தாங்கள்.

அடுத்த கிழமை போனா அவர் இல்லை. ஒரு சின்னப் பொடியன், கையில போன். "இன்னும் ஒரு பிளேட் போடுங்கோ அண்ணா, உங்களால ஏலும்" எண்டுதான் எப்பவும். பாரம் கூட, நான் பின்னால சாய்ஞ்சு வீசித் தூக்கிறன், முழங்கை முன்னுக்கு வருது, அவர் அதை வீடியோ எடுக்கிறார். முழங்கை முன்னுக்கு வந்தா முன் தோள் பங்கெடுக்கும், சாய்ஞ்சா அடிமுதுகு வாங்கும், பைசெப்ஸுக்கு வேலை குறைஞ்சிடும். மெதுவா இறக்கட்டோ எண்டு கேட்டா "அது பிகினருக்கு அண்ணா" எண்டுறார். நான் பிகினர்தானே! முதுகு பிடிச்சு ரெண்டு நாள் குனிய ஏலாமக் கிடந்தன்.

பிறகு மனேஜரைப் பிடிக்கத் தொடங்கிச்சு அலைச்சல். சேர் மீட்டிங்ல, சேர் இப்பதான் வெளிக்கிட்டவர், நாளைக்கு வாங்கோ. வட்ஸ்அப்ல நீல டிக் விழுது, பதில் இல்லை. இண்டைக்கு ஒருமாதிரி மனேஜரைப் பிடிச்சாச்சு. "ட்ரெய்னர் தந்திருக்கிறம்தானே, இன்னார்தான் எண்டு ரிசீட்டில இருக்கோ?" எண்டு என்னையே கேக்கிறார். காசு திருப்பித் தரமாட்டினமாம், வேணுமெண்டா வேற ஆளின்ர பேருக்கு மாத்தலாமாம், அதுக்கு இன்னும் 5,000 கட்டட்டாம். 45,000 எடுத்தது காணாதோ?

வெளியில வரேக்க இன்னொரு அண்ணா சொன்னார், அவருக்கும் ட்ரயல் அண்டைக்கு அதே ட்ரெய்னர், அதே மாதிரி பிளேட்டைக் கழட்டி, அதே ரெண்டு விரல். காசு கட்டின பிறகு அவரும் அந்த மனுசனைக் காணேல்லையாம். ஆள் பிடிக்க மட்டும்தான் அவரை வைச்சிருக்கிறாங்கள்.

விபரமா எழுத இப்ப ஏலாது, சுருக்கமாச் சொல்றன். மூண்டு மாசக் காசு ஒரேயடியாக் கட்டாதேங்கோ, மாசா மாசம் கட்டுங்கோ. ட்ரெய்னர்ர பேர், எத்தனை செஷன், எல்லாத்தையும் ரிசீட்டில எழுதுவியுங்கோ. கேர்லுக்கு முதுகை சுவரில சாய்ச்சு நிண்டு அடிச்சுப் பாருங்கோ, ஆட்ட ஏலாது. மணிக்கட்டு நொந்தா நேர் பாரை விட்டிட்டு ஈசி பார் (EZ bar, வளைஞ்சு வளைஞ்சு இருக்கிற பார்) எடுங்கோ. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 எண்ட நம்பருக்கு அடிச்சு முறைப்பாடு குடுக்கலாம், நான் நாளைக்குக் காலமை அடிக்கப்போறன், ரிசீட்டும் வட்ஸ்அப் மெசேஜும் அப்பிடியே வைச்சிருக்கிறன்.