மலைநாட்டுக் குளிருக்கு எந்தச் சிங்க்? பல வருடம் பாவித்த பிறகு எழுதுகிறேன்

எங்கள் குசினிச் சிங்க் 2018 இல் பூட்டியது. வீடு கொட்டகலைப் பக்கம். கொங்கிரீட் பலகைக்கு மேல் டைல் ஒட்டிய மேடை, அதில் ஸ்டெயின்லஸ் ஸ்டீல் சிங்க், ஒற்றைக் கிண்ணம், பக்கத்தில் பாத்திரம் வடிய வைக்கும் தட்டு. நுவரெலியாவில் இருக்கும் அண்ணி கொஞ்ச நாள் கழித்துக் கறுப்புக் குவார்ட்ஸ் சிங்க் எடுத்தார், இரட்டைக் கிண்ணம். அம்மா வீட்டில் இன்னும் சீமெந்துத் தொட்டிதான். மூன்றிலும் நன்றாகச் சட்டி கழுவியிருக்கிறேன். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கடைக்குப் போனால் எல்லோரும் சிங்கின் பளபளப்பைப் பார்ப்பார்கள், விரலால் தட்டிச் சத்தம் கேட்பார்கள், விலை கேட்பார்கள். கவிழ்த்துப் பார்ப்பவர்கள் குறைவு. நம்முடைய குளிருக்கு முதலில் பார்க்க வேண்டியது அடியில் இருக்கிற ஓட்டையையும் அதற்குக் கீழே வரும் குழாயையும்தான். கிண்ணம் எதுவானாலும் சமாளிக்கலாம்.

காரணம் தேங்காய் எண்ணெய். அது 24 பாகை செல்சியசை ஒட்டி உறைந்துவிடும். கொழும்பில் போத்தலுக்குள் தண்ணீர் மாதிரிக் கிடக்கிற எண்ணெயை, இங்கே மார்கழி, தை மாதங்களில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து இளக்கித்தான் ஊற்ற வேண்டும் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததே. நுவரெலியாவின் வருடச் சராசரி வெப்பநிலையே 16 பாகை அளவில்தான். போத்தலுக்குள் நடப்பது சிங்க் குழாய்க்குள்ளும் நடக்கும். தாளித்த சட்டி, தேங்காய்ப்பால் கறி வைத்த சட்டி, பொரித்த தாச்சி எல்லாவற்றின் கொழுப்பும் ஊற்றுத் தண்ணீரோடு உள்ளே போய், முதல் வளைவிலேயே ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் தேயிலைத் தூள் பிடிக்கும். அதன் மேல் சோற்றுப் பருக்கை, மிளகாய்த் தோல்.

எங்கள் வீட்டில் சிங்குக்குக் கீழே இருப்பது பொட்டல் ட்ராப், போத்தல் வடிவில் தொங்குமே, அது. அடியில் வாளியை வைத்துவிட்டுக் கையால் திருகிக் கழற்றினால் உள்ளே வெள்ளையாக, மெழுகுதிரி உருக்கி ஊற்றியது போல ஒரு கட்டி. விரலால் அழுத்தினால் குழியும், ஆனால் கரையாது. நாற்றம் அப்படி ஒன்றும் பெரிதாக இராது, குளிர் அதையும் அடக்கி வைத்திருக்கும். வெயில் காலம் வந்ததும் எல்லாம் சேர்த்து வீசும்.

இதற்காக எவ்வளவு விலையான சிங்க் எடுத்தாலும் பயனில்லை. ஓட்டை அகலமாக, மூன்றரை அங்குலம், இருக்க வேண்டும். அதில் தூக்கி எடுக்கக்கூடிய கூடை வடி இருக்க வேண்டும். கைகழுவும் பேசினுக்கு வருவது போன்ற சின்ன ஓட்டை போட்ட சிங்குகள் மலிவாகக் கிடைக்கும், அவற்றைத் தொடவே வேண்டாம். வெளியே போகும் குழாய் ஒன்றரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது, இடமிருந்தால் இரண்டு அங்குலம் நல்லது. சரிவும் முக்கியம். 40 அங்குலம் ஓடினால் 1 அங்குலமாவது இறங்க வேண்டும். எங்கள் பைப் பாஸ் குழாயைச் சுவரோடு மட்டமாகக் கொண்டுபோகப் பார்த்தார். "பார்க்க நேராக இருக்கும் நோனா" என்றார். நேராக இருந்து என்ன செய்ய, தண்ணீர் போக வேண்டாமா?

அடைத்தால் கொதிதண்ணீர் ஊற்று என்று எல்லோரும் சொல்வார்கள். பிவிசி குழாய் 60 பாகைக்கு மேலான சூட்டை நெடுநேரம் தாங்காது, 80 பாகையை ஒட்டி இளகவே தொடங்கும். கேத்தலில் கொதித்ததை அப்படியே கவிழ்த்தால் மூட்டுகள் நெகிழ்ந்து கசியும். கை பொறுக்கிற சூட்டில் ஒரு பாத்திரம் தண்ணீர், கொஞ்சம் சோப்பு, இரவு சமையல் முடிந்ததும். அதோடு, எண்ணெய்ச் சட்டியைக் கழுவ முன்னர் பழைய பத்திரிகைத் தாளால் துடைத்து அடுப்பில் போட்டுவிடுவேன். இந்த இரண்டும் பழகிய பிறகு ட்ராப்பைக் கழற்றும் வேலை வெகுவாகக் குறைந்தது.

தண்ணீர் வெளியே எங்கே போகிறது என்பதும் சிங்க் வாங்கும் கணக்கில் சேர வேண்டும். மலையில் நம் வீட்டு வாசலுக்குக் கீழே இன்னொருவர் வீட்டுக் கூரை இருக்கும். கான் இல்லாத இடத்தில் குசினித் தண்ணீரைச் சும்மா சரிவில் விட்டால் அவர் வீட்டுச் சுவர் ஈரமாகும், பேச்சுவார்த்தை முறியும். மழைக்காலத்தில் சரிவு மண்ணில் மேலும் தண்ணீரை ஊற விடுவதும் ஆபத்து. நாங்கள் சிங்க் குழாய் வெளியே வரும் இடத்தில் ஒரு சின்னச் சீமெந்துக் குழி கட்டினோம். கொழுப்பு மேலே மிதந்து உறையும், தண்ணீர் அடியிலிருந்து போய்க் கானில் விழும். மேலே படிந்ததைக் கரண்டியால் அள்ளிப் போட்டால் சரி. இங்கே மட்டும் குளிர் நம் பக்கம்: சீக்கிரமே உறைகிறதால் அள்ளுவது சுலபம்.

இனிக் கிண்ணத்துக்கு வருவோம்.

ஸ்டீல் சிங்கில் 304 என்றும் 202 என்றும் இரண்டு தரம் சொல்வார்கள். 304 இல் ஏறக்குறைய 18 வீதம் குரோமியம், 8 வீதம் நிக்கல். 202 இல் நிக்கலைக் குறைத்து மங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். விலை குறையும், துருவைத் தாங்கும் சக்தியும் குறையும். சிலர் காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போகிறார்கள். ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டீலாம். 202 உம் காந்தத்தில் ஒட்டாது, அதனால் அந்தச் சோதனை இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது. ஒட்டுவது 430 போன்ற வகைகள்; அவற்றைக் கழிக்க மட்டும் காந்தம் உதவும். மற்றபடி பெட்டியில் அச்சடித்திருப்பதையும் பில்லில் எழுதித் தருவதையும்தான் நம்ப வேண்டும். நான் கேட்ட ஒரு கடையில் பில்லில் எழுத மாட்டோம் என்றார்கள், வேறு கடைக்குப் போனேன்.

கேஜ் விஷயத்தில் எண் குறைந்தால் தகடு தடிப்பு. 16 கேஜ் ஏறக்குறைய 1.6 மில்லிமீற்றர், 18 என்றால் 1.2 ஐ ஒட்டி, 22 என்றால் 0.8 அளவுதான். எங்களது 18. அம்மிக் குழவியை ஒருமுறை தவறவிட்டும் நெளியவில்லை. வீட்டுக்கு அது போதும், 16 க்கு மேலதிகமாகக் கொடுக்கும் காசைக் குழாய்க்கும் வடிக்கும் போடலாம்.

ஸ்டீலைக் கெடுப்பது தண்ணீர் அல்ல, உப்பும் குளோரினும் அசிட்டும். கருவாடு ஊறவைத்த தண்ணீரை இரவு முழுக்கச் சிங்கில் விட்டால் ஊசி முனை அளவு பழுப்புப் புள்ளிகள் வரும். டைல் ஒட்டி முடித்த பாஸ் கறை போக்க அசிட் ஊற்றுவார், அந்த நேரம் சிங்கை நன்றாக மூடி வையுங்கள், ஆவி பட்டாலே மங்கிவிடும். இரும்பு நாரால் தேய்த்தால் அதன் துகள் ஒட்டிக்கொண்டு துருப் பிடிக்கும்; சிங்க் துருப்பிடித்துவிட்டது என்று நாம் கடைக்காரரைத் திட்டுவோம். தேங்காய்த் தும்பு போதும்.

இந்திய யூடியூப் வீடியோக்களில் பாதி நேரம் உப்புத் தண்ணீர்க் கறையைப் பற்றியே பேசுவார்கள். யாழ்ப்பாணத்தார் அதைக் கட்டாயம் கேட்க வேண்டும், அங்கே சுண்ணாம்புக் கல் தரை, தண்ணீர் கடினம், கறுப்புச் சிங்க் வாங்கினால் வெள்ளை வெள்ளையாகப் படியும். நம்முடைய ஊற்றுத் தண்ணீர் மென்மையானது. அண்ணியின் கறுப்புச் சிங்கில் இத்தனை வருடத்தில் வெள்ளைப் படிவு என்று ஒன்று நான் காணவில்லை. சில ஊற்றுகளில் இரும்புச் சத்து உண்டு, அது செம்பழுப்பாகக் காட்டும், அவ்வளவுதான்.

குவார்ட்ஸ் சிங்க் என்பது ஏறக்குறைய 80 வீதம் குவார்ட்ஸ் கல் துகள், மீதி பிசின். தொட்டால் கல் மாதிரி, சட்டி வைத்தால் ஸ்டீல் போலச் சத்தம் போடாது, கீறலும் இலேசில் விழாது. 2022 இல் காஸ் கிடைக்காமல் எல்லோரும் சிலிண்டரோடு வரிசையில் நின்ற காலத்தில் அண்ணி வீட்டிலும் விறகு அடுப்புதான், தேயிலைச் செடியில் வெட்டிய கவ்வாத்து மிளாறு எரித்துக் கரிபிடித்த சட்டிகள். கறுப்புச் சிங்க் அந்தக் கரியைக் காட்டிக்கொள்ளவே இல்லை. என்னுடைய ஸ்டீலில் ஒவ்வொரு வேளையும் சாம்பல் நிறக் கோலம். அந்த விஷயத்தில் அண்ணிக்குத்தான் வெற்றி. ஆனால் கை தவறி விழும் பீங்கான் கோப்பை அதில் பிழைக்காது. ஸ்டீல் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். குவார்ட்ஸுக்குப் பாரமும் கூட, மேடை பலமாக இருக்க வேண்டும்.

இரட்டைக் கிண்ணம் வேண்டுமா என்று கேட்டால், பெரிய குசினிக்குச் சரி. தோட்டங்களில் இப்போது கட்டிக் கொடுக்கும் 550 சதுர அடித் தனி வீடுகளில் மேடையே சின்னது, அதில் இரட்டைக் கிண்ணம் போட்டால் வெங்காயம் வெட்ட இடமிராது. அதோடு இரண்டாகப் பிரித்த கிண்ணத்தில் பொங்கல் பானை படுக்காது. 24 க்கு 18 அங்குல ஒற்றைக் கிண்ணத்தில் எங்கள் பெரிய சோற்றுச் சட்டி நிம்மதியாகச் சுழலும். ஆழம் 8 அங்குலம். 10 அங்குலச் சிங்க் தண்ணீர் தெறிக்காது என்று விற்பார்கள், குள்ளமானவர்களுக்கு இடுப்பு போய்விடும். கடையில் சிங்கை மேடை உயரத்தில் வைக்கச் சொல்லி, உள்ளங்கை அடியில் படுகிறதா என்று குனியாமல் தொட்டுப் பாருங்கள்.

அம்மாவின் சீமெந்துத் தொட்டிக்கு எதுவும் ஆகவில்லை, ஆகவும் போவதில்லை. மூலைகளில் பாசி பிடிக்கும், தேய்த்துக் கழுவ வேண்டும். "சிங்க் எல்லாம் தேத்தண்ணிக் கோப்பை கழுவத்தான், சட்டிக்குப் பீலி இருக்கு" என்பார், வெளியே தண்ணீர் கொட்டும் பீலியைக் காட்டி. அவருக்கு நான் பதில் சொல்வதில்லை.

நம் ஊருக்கென்று இன்னும் ஒன்று. சிங்கின் அடிப்பக்கம் ரப்பர் அட்டையோ சாம்பல் நிறப் பூச்சோ இருக்கிறதா என்று பாருங்கள். சத்தம் குறைக்க என்பார்கள், குளிர்காலத்தில் அதற்கு மேலும் ஒரு வேலை உண்டு. ஊற்றுத் தண்ணீர் பட்டுச் சில்லென்று இருக்கும் வெறும் தகட்டில், சோறு வேகும் நீராவி அடியில் போய்த் துளித்துளியாகக் கோர்க்கும். பக்கத்து வீட்டில் அப்படிச் சொட்டிச் சொட்டி அழுத்திய மரத்தூள் பலகை அலமாரி உப்பிக் கதவே மூடாமல் போனது. நாங்கள் கீழே கதவே வைக்கவில்லை, சீலை ஒன்று தொங்குகிறது, காற்றும் போகிறது.

சிங்கின் விளிம்பு டைலின் மேல் உட்காரும் வகையாக இருக்கட்டும். அடியில் ஒட்டும் வகை கிரானைட் மேடைக்குத்தான் அழகு, டைல் மேடையில் விளிம்பு வழியே தண்ணீர் இறங்கும். சுற்றிப் பூசும் சிலிக்கன் பூஞ்சணம் பிடிக்காத வகையாக வாங்குங்கள். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை மழையும் பனிமூட்டமுமாக இருக்கும் இந்தப் பக்கத்தில் சாதாரணச் சிலிக்கன் ஒரே மழைக்காலத்தில் கறுத்துவிடும்.

பைப்பில், இழுத்து நீட்டும் ஷவர் வகை ஆசையாக இருந்தால் முதலில் தாங்கி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 10 மீற்றர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம். கூரையில் தாங்கி என்றால் பைப்புக்கு வருவது அதில் மூன்றில் ஒன்றுகூட இராது, ஷவர் அழுது வடியும். மேட்டு ஊற்றிலிருந்து நேரே இறங்கும் லைன் என்றால் எதிர்மாறு, அழுத்தம் கூடி வாஷர் அடிக்கடி போகும். சுவரில் பூட்டும் நீண்ட கழுத்துள்ள சாதாரணப் பைப் இரண்டுக்கும் ஒத்துப்போகிறது.

இன்றைக்கு எங்கள் சிங்கில் கீறல்கள் நிறைய, பளபளப்பு போய் மங்கல் வெள்ளியாக இருக்கிறது, துருப்புள்ளி ஒன்றுமில்லை. கூடை வடியின் ரப்பரும் ட்ராப்பின் வாஷர்களும் மாற்றியாகிவிட்டன. வாங்கும்போதே அந்த வாஷர்கள் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு, ஒரு சோடி சேர்த்து எடுத்து வையுங்கள். ஹற்றன் டவுனில் ஒரு சைஸ் இருக்கும், நமக்கு வேண்டியது மட்டும் இராது.